ஓடிப்போன கண்டக்டர் குரல்

யாழி, காலை நீட்டிப் படு. பெரியம்மா வயித்துல உதைக்காதே. இன்னிக்கு ஒரே ஒரு கதைதான். ராஜா வேணும்னா ராஜா இல்லை, நரி வேணும்னா நரியும் இல்லை. ஒரு குரல்தான் இருக்கு. வேணுமா, வேணாமா? அப்போ ம் சொல்லிக்கிட்டே வரணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு குரல் இருந்துச்சாம்.

குரலேதான். ஆளை வச்சுத்தான் ஆரம்பிக்கணும்னு சட்டமா என்ன? அந்தக் குரல் ஆவுடையப்பன்னு ஒரு தாத்தாவோட தொண்டைக்குள்ள குடியிருந்துச்சு. அவர் டவுன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். பஸ்ஸுல இருந்தப்போ அந்தக் குரலுக்கு இருந்த மவுசு இருக்கே! விடிஞ்சா வேலை, அடைஞ்சா வேலை. "டேய், படியில தொங்காதே!" "யாரும்மா அது, கோழியை சீட்டுல உக்கார வச்சது?" "ரைட், போலாம்!" அவர் ரைட்டுன்னா பஸ்ஸு டுர்ருனு கிளம்பும். ஹோல்டான்னா சரக்குனு நிக்கும். அவ்ளோ பெரிய பஸ்ஸே பேச்சைக் கேட்டுச்சு, நீதான் கேக்க மாட்டேங்கிறே.

அப்புறம் ரிட்டையர் ஆயிட்டார். அவர் சம்சாரம் தவறிட்டாங்க. மகன் பூனாவுல வேலைக்குப் போயிட்டான். இவர் மட்டும் ஒரு ஃப்ளாட்டுல, மூணாவது மாடியில, தனியா. அப்போ குரலுக்கு என்ன வேலை? காலையில பால்காரர்கிட்ட "ஒரு பாக்கெட் போதும்"னு சொல்லும். அதோட சரி. அப்புறம் நாள் பூரா தொண்டைக்குள்ள சும்மா உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும்.

அதுவும் பேசிப் பாத்துச்சு. டிவிகிட்ட பேசினா, டிவி அதுபாட்டுக்கு அது பேசுது. டேபிள் ஃபேன்கிட்ட பேசினா, அது மாட்டேன் மாட்டேன்னு தலையாட்டுது. குக்கர்கிட்ட "சோறு ஆச்சா"ன்னு கேட்டா, "உஸ்ஸ்ஸ்!"னு வாயை அடைக்குது. குரலுக்கு வந்துச்சு பாரு கோவம்!

"யோவ் ஆவுடையப்பா, நான் ஊரையே ஏத்தி எறக்கின குரல்! பதில் சொல்ல ஆளில்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை? நான் போறேன்"னு சொல்லிச்சு. அந்த நேரம் பாத்து அவருக்குத் தும்மல் வந்துச்சு. "ஹா... ஹா... ஹச்சூ!" குரல் வாய் வழியா வெளிய குதிச்சு, ஜன்னல் கம்பிக்குள்ள நுழைஞ்சு, தொபுக்கடீர்னு கீழ விழுந்து, டகுடகுடகுனு ஓடிப்போச்சு.

என்னது? குரலுக்குக் கால் இருக்குமாவா? கால் இல்லாம எப்படி ஓடும்? கேள்வி கேக்குறா பாரு கேள்வி. ரெண்டு கால், முருங்கைக்காய் மாதிரி. போதுமா?

அப்போ ஆவுடையப்பன் தாத்தா "ஐயோ"ன்னு கத்தப் பாத்தார். வாய் தொறக்குது, சத்தம் வரல. ஒரே ஒரு "ம்" மட்டும் வந்துச்சு. அது ஏன்னா, ம் மட்டும் மூக்குக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்ததால தும்மல்ல தப்பிச்சுருச்சு. கொஞ்ச நேரத்துல மகன் பூனாவுலேருந்து போன் பண்ணினான். "அப்பா, நல்லாருக்கீங்களா?" "ம்." "சாப்டீங்களா?" "ம்." "எம்மேல கோவமாப்பா?" "ம்ம்ம்!" அவர் என்னவோ சொல்ல நினைக்கிறார், வரது இவ்ளோதான். மகன் பாவம், அப்பாவுக்குக் கோவம்தான் போலன்னு போனை வச்சுட்டான். இப்படியே போனா அவன் போன் பண்றதையே விட்டுருவானே! இருக்கிறதே அந்த ஒரு போன்தான். எப்பாடு பட்டாவது குரலைப் பிடிச்சுட்டு வந்துரணும்னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

தெரு முனையில ஒரு நாய் நின்னுச்சு. போறவங்க வரவங்களைப் பாத்து லொள்ளுன்னு குரைக்காம, "டிக்கெட்! டிக்கெட்!"னு குரைக்குது. எல்லாரும் பயந்து போய்ச் சட்டைப் பையைத் தடவுறாங்க. அட, நம்ம குரல்! ஆவுடையப்பன் ஓடிப்போய் நாய் முன்னாடி கையைக் கூப்பி, "ம்ம்ம்"னு கெஞ்சினார். குரல் நாய் வாய்க்குள்ளேருந்து எட்டிப் பாத்துச்சு. "வர மாட்டேன் போய்யா. நான் இங்க ஒரு தடவை குரைச்சா, எதிர் வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்குது. உன் வீட்டுல யாரு குரைப்பா?"னு கேட்டுச்சு. இவர் எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினார். அதுக்குள்ள குரல் டகுடகுடகுனு ஓடிப்போச்சு.

அப்புறம் பிளாஸ்டிக் சாமான் விக்கிற வண்டி வந்துச்சு. ஸ்பீக்கர்ல "குடம், பக்கெட், மொறம்"னு கத்திக்கிட்டு வருமே, அதான். ஆனா அன்னைக்கு அந்த ஸ்பீக்கர், "பின்னாடி போ! பின்னாடி போ! எல்லாரும் பின்னாடி போ!"ன்னு கத்துது. வாங்க வந்த பொம்பளைங்க எல்லாம் பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே பின்பக்கமா நடந்து நடந்து, அவங்கவங்க வீட்டுக்குள்ள போய்க் கட்டில்ல முட்டி உக்காந்துட்டாங்க. சிரிக்காதே, தூக்கம் போயிடும். ஆவுடையப்பன் ஸ்பீக்கரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு "ம்ம்ம்"னார். "வர மாட்டேன். இங்க நான் ஒண்ணு சொன்னா, 'என்ன விலை, குறைச்சுத் தர மாட்டியா'ன்னு யாராவது சண்டைக்காவது வராங்க. உன் வீட்டுல சண்டை போடக்கூட ஆளில்லையே"ன்னு குரல் சொல்லிச்சு. டகுடகுடகு. போயே போச்சு.

தூங்கிட்டியா? ம் காணோம்? ஆங், சரி.

அப்புறம் குரல் எங்க போச்சுன்னா, ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ள புகுந்து, நாதஸ்வரத்துக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்துட்டார். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதினா, "எறங்கு, எறங்கு! ஸ்டாப் வந்தாச்சு, எறங்கு!"ன்னு வருது! மாப்பிள்ளை என்ன பண்ணினார்? பழக்க தோஷம், தாலியோட மணவறையிலேருந்து படக்குனு குதிச்சு வாசலுக்கு ஓடிட்டார். பொண்ணு எழுந்து நின்னு, "யோவ், இது பஸ்ஸில்ல! வந்து கட்டுய்யா!"ன்னு கத்தினா. நாதஸ்வரக்காரருக்கு அவமானமாப் போச்சு. மூச்சைப் பிடிச்சு "ஃபூ!"ன்னு ஒரு ஊது. குரல் பறந்து போய் மண்டப வாசல்ல விழுந்துச்சு. அங்க ஆவுடையப்பன் தாத்தா நின்னு, "ம்?"னு கையை நீட்டினார்.

குரலுக்கு ரோஷம். "நாதஸ்வரம் ஊதினா தவில் பதில் சொல்லுது. உனக்கு யாருய்யா தவில்? ஒரு ஆளைக் காட்டு, நான் வரேன்"னு சொல்லிட்டு, டகுடகுடகுனு ஓடி, அவர் ஃப்ளாட்டுக்கு மேல இருக்கிற தண்ணித் தொட்டி மேல ஏறி, முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கிச்சு. போறதுக்கும் இடமில்லை, வரதுக்கும் மனசில்லை.

ஆவுடையப்பன் கால் வலியோட வீட்டுக்குத் திரும்பி வந்தார். மாடி ஏற முடியல. கீழ சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு பெஞ்சு கிடந்துச்சு, அதுல பொத்துனு உக்காந்துட்டார். அழுகை அழுகையா வருது. அங்கதான் சாயங்காலமானா அந்த ஃப்ளாட்டுல இருக்கிற வயசானவங்க எல்லாம் கூடிப் பாடுவாங்க. இவர் ஒருநாளும் அங்க போனதில்ல. ஏன் போகலன்னா, அந்தக் கச்சேரியைக் கேட்டா நீயும் போக மாட்டே. காக்காவே அந்த நேரத்துக்கு வேற தெருவுக்குப் போயிடும்.

கூட்டமாப் பாடுறதுன்னா எப்படிப் பாடணும்? ஒருத்தர் முதல் வரியைப் பாடணும், மத்தவங்க அதையே பின்னாடி திருப்பிப் பாடணும். அதான முறை? இங்க என்னடான்னா, எல்லாருமே முதல் வரி! பின்பாட்டுப் பாட ஒருத்தரும் இல்லை. ருக்மணி டீச்சர்னு ஒரு பாட்டி, "முருங்கைக் கீரையே, ஏன் வாடி நிக்குறே"ன்னு ஆரம்பிப்பாங்க. அது முடியறதுக்குள்ள, நர்ஸா இருந்த சூசையம்மா, "ஆட்டுக்குட்டி அடம் பிடிக்குதே"ன்னு எடுப்பாங்க. டெய்லர் மைதீன் பாய், "கப்பல் வருது, கருவாட்டு வாசம் வருது"ன்னு எட்டுக்கட்டையில ஏறிடுவார். கீரை, ஆடு, கருவாடு எல்லாம் ஒரே சட்டியில கொதிக்கிற மாதிரி ஒரு பாட்டு.

ஏன் அப்படின்னா, அவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுல தனியா இருக்கிறவங்க. நாள் பூரா சொல்லாம வச்சிருந்ததை சாயங்காலம் கொட்டணும். வீட்டுல கேக்க ஆளில்லாதவங்க எல்லாம் ஒரே இடத்துல கூடினா, யாருதான் கேப்பா? தினமும் கடைசியில சண்டைதான். "நாளையிலேருந்து நான் வரல"ன்னு ருக்மணி டீச்சர் சொல்வாங்க. "நான் இன்னைக்கே போறேன்"னு மைதீன் பாய் சொல்வார். ஆனா மறுநாள் எல்லாரும் வந்துருவாங்க. வீட்டுல இருந்து என்ன பண்றது?

அன்னைக்கு ருக்மணி டீச்சர், பெஞ்சுல உக்காந்திருந்த ஆவுடையப்பன் பக்கம் திரும்பி, "முருங்கைக் கீரையே, ஏன் வாடி நிக்குறே"ன்னு பாடினாங்க. அவருக்கு மரியாதைக்கு ஏதாவது சொல்லணும்ல? இருக்கிறதைத்தானே குடுக்க முடியும்? "ம்"னார்.

டீச்சர் அப்படியே நின்னுட்டாங்க. அவங்க பாட்டுக்கு ஒருத்தர் ம் போட்டு எவ்ளோ காலம் ஆச்சு! "தண்ணி ஊத்த ஆளில்லையா"ன்னு அடுத்த வரியை மெதுவாப் பாடினாங்க. "ம்ம்ம்"னு இவர் மூக்குலேருந்து நீளமா, சுருதிப்பெட்டி மாதிரி இழுத்தார். டீச்சர் முழுப் பாட்டையும் பாடி முடிச்சுட்டு, "யப்பா"ன்னு உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

விடுவாங்களா மத்தவங்க? "அண்ணாச்சி, எனக்கு ஒரு ம் போடுங்க!" "கண்டக்டர் சார், எனக்கு முதல்ல!" சூசையம்மா வலது கையைப் பிடிச்சு இழுக்குறாங்க, மைதீன் பாய் இடது கையைப் பிடிச்சு இழுக்குறார். நடுவுல இவர் வேட்டி அவுந்துரும் போல இருக்கு! அவர் ரெண்டு கையையும் உதறி, விரலைக் காட்டி, ஒவ்வொருத்தரா வரிசையில நிக்க வச்சார். கண்டக்டர்ல? வரிசையில நின்னவங்களுக்கு சும்மா நிக்க முடியுமா? சூசையம்மா பாடுறப்போ டீச்சரும் சேந்து ம் போட்டாங்க. மைதீன் பாய் பாடுறப்போ சூசையம்மா முழு வரியையும் திருப்பிப் பாடிட்டாங்க. "கப்பல் வருது!" "கப்பல் வருது!" "கருவாட்டு வாசம்!" "கருவாட்டு வாசம்!" சைக்கிள் மணியெல்லாம் கிணிகிணின்னு ஆடுது. முதல் தடவையா அங்க ஒரு பாட்டு பாட்டா வந்துச்சு.

தண்ணித் தொட்டி மேல உக்காந்திருந்த குரல் இதைப் பாத்துச்சு. வயித்தெரிச்சல் தாங்கல. "நான் இல்லாமலே இந்த ஆளு கச்சேரி பண்றானா!" குழாயைப் பிடிச்சு சர்ருனு வழுக்கி வந்து, அவர் பல்லுல டொக் டொக்குனு தட்டிச்சு. "தொற, நான்தான்." அவர் "ம்ஹும்"னார். இவ்ளோ தூரம் அலைய விட்டா சும்மாவா? நானா இருந்தா ஒரு வாரம் வெளிய நிக்க வச்சிருப்பேன். "தப்புதான், தொறய்யா." "ம்ஹும்." "இனிமே ஓட மாட்டேன், சத்தியம்." "ம்ஹும்."

அப்போதான் மைதீன் பாய் உச்சத்துக்குப் போனார். "கப்ப்ப்ப்பல்..." பல் செட்டு டப்புனு கழண்டு பறந்து போய், டீச்சர் கொண்டையில சொருகிக்கிச்சு! ஆவுடையப்பன் வாயைப் பொளந்து சிரிச்சுட்டார். தொறந்த வாய்க்குள்ள குரல் லபக்!

அப்போ எல்லாரும், "நீங்க ஒண்ணு பாடுங்க அண்ணாச்சி"ன்னாங்க. அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. பஸ் ஸ்டாப்பு பேருதான் தெரியும். தொண்டையைச் செருமிக்கிட்டு, வாயில வந்ததைப் பாடினார். "காலையில தோசை சுட்டேன்." எல்லாரும் திருப்பிப் பாடினாங்க, "காலையில தோசை சுட்டேன்." "வட்டமா வரல." "வட்டமா வரல." "ஓரம் கருகிப் போச்சு." "கருகிப் போச்சு." "தனியாத் தின்னேன்."

பின்பாட்டுன்னா அதையேதானே திருப்பிப் பாடணும்? எல்லாரும் பாடினாங்க, "தனியாத் தின்னேன்." பாடி முடிச்சுட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்க. ஒருத்தர்கூடப் பொய் சொல்லல.

அப்புறம் என்ன, மறுநாள் காலையில ஆவுடையப்பன் வீட்டு வாசல்ல டிங் டாங், டிங் டாங். டீச்சர் மாவோட நிக்கிறாங்க. சூசையம்மா தேங்காச் சட்னியோட. மைதீன் பாய் பல் செட்டை மாட்டிக்கிட்டு வெறும் வயித்தோட. ஒரு தோசை பிறை மாதிரி, ஒண்ணு செருப்பு மாதிரி, ஒண்ணு எந்த மாதிரியும் இல்லை. அடுப்படியில நிக்க இடமில்லை, ஒரே கூச்சல், புகை. அந்த நேரம் பாத்துப் பூனாவுலேருந்து போன். மகன் பயந்து பயந்து, "அப்பா, இன்னும் கோவமாப்பா?"ன்னு கேட்டான்.

"கோவமா? எனக்கு எதுக்குடா கோவம்?"

குரலைக் கேட்டதும் மகனுக்கு உயிரே வந்துச்சு. "என்னப்பா சத்தம்? வீட்டுல யாரு?"

"எல்லாரும்தான்! டேய், தோசை கருகுது, அப்புறம் கூப்பிடு!"ன்னு அப்பா போனை வச்சுட்டார். தெரியுமா யாழி, மகனுக்கு முந்தி அவர் போனை வச்சது அதுதான் முதல் தடவை. அங்க பூனாவுல அவன் போனைக் கையில வச்சுக்கிட்டு, சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர நின்னானாம்.

குரல் மறுபடி ஓடிச்சாவா? எங்க ஓடும், அதுக்குத்தான் அதுக்கப்புறம் மூச்சு விட நேரமில்லையே.

தோசை தீந்துச்சு, சட்னியும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. கண்ணை மூடு, தங்கம்.