பூளையாறு பெயர் வென்ற கதை

மேட்டுமலை உச்சியில் ஒரு சதுப்பு இருந்தது. அதிலிருந்து தெற்கே வழிந்த நீருக்கு நெட்டாறு என்று பெயர். வடக்கே வழிந்த நீருக்குப் பூளையாறு என்று பெயர். மலையை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்து, இரண்டும் அடிவாரத்துக் கூடுதுறையில் கலந்தன. கலந்த பிறகு கடல்வரைக்கும் ஒரே பெயர்தான்: நெட்டாறு.

இதுதான் செம்பிக்குப் பொறுக்கவில்லை.

செம்பி பூளையாற்று நீர்நாய். கூடுதுறைக்குச் சற்று மேலே, மருதமர வேருக்கடியில் அவள் வளை இருந்தது. வளையின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும். முங்கத் தெரியாத எவரும் உள்ளே நுழைய முடியாது. அந்தத் தைரியத்தில்தான் தன் இரண்டு குட்டிகளையும் உள்ளே விட்டுவிட்டு அவள் கூட்டம் பேசப் போவாள்.

"தண்ணி நம்மது! பேரு மட்டும் அவங்களுதா?" என்று பாறைமேல் ஏறி நின்று கேட்பாள்.

"இல்லை! இல்லை!" என்று தவளைகள் கத்தும். எதற்குக் கத்துகிறோம் என்று அவை கேட்டதில்லை. கத்தச் சொன்னால் போதும்.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. சதுப்பின் மேற்குப் பக்கம் பள்ளம். அங்கே நீரைத் தடுத்து நின்றது வெறும் மண்கரை. முதல் மழை விழுந்ததும் இரண்டு ஆற்று விலங்குகளும் சேர்ந்து மேலே போகும். நீர்நாய்கள் முங்கிக் கசிவு எங்கே என்று தேடிச் சொல்லும். காட்டெருமைகள் அந்த இடத்து ஈரமண்ணை மிதித்து இறுக்கும். அதற்குக் கரைமிதி என்று பெயர்.

அந்த ஆண்டும் மழை விழுந்தது. நெட்டாற்றுக் காட்டெருமை வந்து கூப்பிட்டது.

"செம்பியக்கா, கரை மிதிக்கப் போகலாமா?"

"முதல்ல பேருக்கு ஒரு வழி சொல்லுங்க அண்ணே! அப்புறம் மிதிக்கலாம்!"

காட்டெருமைக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஆத்துல வந்து விழுற ஓடை அது! ஓடைக்கு இவ்வளவு வாயா?"

"ஓடையா? நாங்க வந்து கலக்கலேன்னா உங்க ஆத்துல குளம்புகூட நனையாது!"

"அப்ப நீயே போய் மிதிச்சுக்கோ!"

"நீங்களே போய் முங்கிக்குங்க!"

யாரும் போகவில்லை.

போராட்டம் சூடு பிடித்தது. தவளைகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தன. ஒன்று பட்டினி கிடக்கும்போது மற்றவை ஈ பிடித்துத் தின்றன. கொக்கு, கோரிக்கை நிறைவேறும்வரை ஒற்றைக்காலில் நிற்பேன் என்று அறிவித்தது. அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நிற்கிறது. ஆனாலும் பலத்த கைதட்டல்!

அப்போது நரி முன்வந்தது. "நான் இரண்டு ஆத்துலயும் தண்ணி குடிக்கிறவன். என்னைவிட நடுநிலை யாரு?"

இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நரி விசாரணையைத் தொடங்கியது. எந்த ஆற்று மீனில் ருசி அதிகமோ அதுவே தாய் ஆறு என்றது. நெட்டாற்று மீனைத் தின்றது. பூளையாற்று மீனைத் தின்றது. "சான்று போதலையே! கொஞ்சம் நண்டும் கொண்டு வாங்க" என்றது. போகும்போதும் வரும்போதும் மருதமரத்தடியில் நின்று தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டது.

ஒருநாள் முக்குளிப்பான் பறவை பதறிக்கொண்டு வந்தது. அதன் கூடு தண்ணீர்மேல் மிதக்கும் கூடு.

"அக்கா, தண்ணி இறங்குது! என் கூடு தரைதட்டி நிக்குது!"

செம்பி சீறினாள். "தீர்ப்பு வரப்போற நேரத்துல கூட்டைப் பத்திப் பேசுறியா? உன்னை அனுப்பி வெச்சது அந்த எருமைதானே?"

"துரோகி! துரோகி!" என்றன தவளைகள். முக்குளிப்பான் திரும்பிப் போய்விட்டது.

கடைசியில் தீர்ப்பு வந்தது. நரி ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னது: "கூடுதுறையிலிருந்து கடல்வரைக்கும் இனிமே இது பூளையாறு!"

"வெற்றி! வெற்றி!"

"தலைவி செம்பியே முன்னால நீந்திப் போய்க் கடல்வரைக்கும் சொல்லிட்டு வரணும். அதுதான் மரியாதை!" என்றது நரி.

செம்பி நெஞ்சை நிமிர்த்தினாள். பாறையின் உச்சியிலிருந்து வாழ்க முழக்கத்தோடு பாய்ந்தாள்.

வயிறு கூழாங்கல்லில் உரசியது.

ஆற்றில் தண்ணீர் அவள் முட்டிக்கால் அளவுகூட இல்லை. அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். நரியைக் காணோம்.

"ஐயோ, என் வளை!"

ஊர்வலத்தை விட்டுவிட்டு ஓடினாள். மருதவேரின் அடியில் வளைவாய் வெயிலில் திறந்து கிடந்தது. நரியின் பாதி உடம்பு உள்ளே இருந்தது. வால் மட்டும் வெளியே ஆடியது. உள்ளே குட்டிகளின் கீச்சுக்குரல் கேட்டது.

செம்பி பாய்ந்து நரியின் பின்னங்காலைக் கவ்வினாள்.

"விடு! விசாரணை இன்னும் முடியலை!" என்று நரி அலறியது.

தீர்ப்பை எதிர்த்துச் சண்டைபோடப் பின்னாலேயே வந்த காட்டெருமை அதைப் பார்த்தது. வந்த காரியத்தை மறந்து, நரியைக் கொம்பில் தூக்கி எதிர்க்கரை முள்ளில் எறிந்தது. குட்டிகள் பிழைத்தன.

செம்பி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டாள். இன்னொன்று காட்டெருமையின் முதுகில் ஏறியது. தண்ணீர் எங்கே போனது என்று பார்க்க இருவரும் மலையேறினார்கள்.

சதுப்பின் மேற்குக் கரை உடைந்து அகலமாய்ப் பிளந்து கிடந்தது. தண்ணீர் முழுதும் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு சேற்றில் புரண்டுகொண்டிருந்தன.

"யாரு உடைச்சது?" என்று உறுமியது காட்டெருமை.

"நாங்க கிழங்குக்குத்தான் தோண்டினோம். கரை தானா விட்டுக்கொடுத்துச்சு. இந்த வருசம் மிதிக்க ஆள் வரலையே?" என்றது கிழட்டுப் பன்றி.

"இந்த ஆத்துக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டது காட்டெருமை.

"பேரா? அது எதுக்கு? தண்ணி வருது, புரளுறோம்!"

காட்டெருமை செம்பியைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயில் குட்டி இருந்தது. கவ்வியபடியே உடைப்பின் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

காட்டெருமை உடைப்பில் இறங்கி மிதித்துப் பார்த்தது. மழை ஓய்ந்து வெகுநாளாகிவிட்டது. காய்ந்த மண் இறுகவில்லை; மிதிக்க மிதிக்கப் புழுதியாகப் பறந்தது. அடுத்த மழைவரைக்கும் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அடிவாரத்தில் வெறும் மணலைப் பார்த்து, "பூளையாறு வாழ்க!" என்று தவளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

சேர்ந்து கரையை மிதிக்க வேண்டிய காலத்தில் பெயருக்காக மல்லுக்கு நிற்பவர்களுக்கு, கடைசியில் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.