பேச்சி ஆமையின் ஈர வயிறு

ஆற்று மீனும் கரை நண்டும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தாமிரபரணியில் பேச்சி என்றொரு ஆமை இருந்தாள். பிள்ளைப் பாசத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தண்ணீரை ஒட்டிய மருதமர வேரடியில், நல்ல நிழலாகப் பார்த்துப் பன்னிரண்டு முட்டை இட்டாள். வெயில் பட்டால் வாடிவிடுமாம்! வேளை தவறாமல் ஆற்றில் முங்கி வந்து, சொட்டச் சொட்ட முட்டைகள்மேல் படுத்துக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் ஒரு முட்டைமேல் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ படர்ந்தது. அழுக்கென்று நினைத்து இன்னும் தண்ணீர் தெளித்தாள். அது பக்கத்து முட்டைக்குத் தாவியது. இப்படியே பத்து முட்டை அழுகிப்போயின. மிச்சம் இரண்டே இரண்டு.

"ஏ பாவி, என் பிள்ளையள ஏன் தின்னுத?" என்று அந்த வெள்ளைப் பூசணத்திடம் கத்தினாள்.

"என்னைய ஏன் ஏசுத?" என்றது பூசணம். "ஈரமும் நிழலும் இருக்க இடந்தான் என் வீடு. தண்ணி தெளிச்சு விருந்துக்குக் கூப்பிட்டது நீதானம்மா."

பேச்சி கரைமேலிருந்த மேட்டு மணலைப் பார்த்தாள். "வெயில் காயுத மணலுக்கு வருவியா?"

"அங்க எனக்கு உசுரு நிக்காது. ஆனா உன் ஈர வயித்தோட நீ போய்ப் படுத்தா, நானும் கூடவே வந்துருவேன்."

பேச்சி இரண்டு முட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேட்டு மணலுக்கு ஏறினாள். சுடுமணலில் குழி தோண்டி வைத்து மூடினாள். ஒரே ஒரு தடவை மேலே படுத்துவிட்டுப் போகலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. ஐயோ, கண்ணீரும் ஈரம்தானே! சட்டென்று திரும்பி நடந்தாள். ஆற்றுக்குள் இறங்கிய பிறகுதான் அழுதாள்.

நாள் பல ஓடின. மேட்டைப் பார்க்கப் போகவே இல்லை. நினைப்பு மட்டும் அங்கேயே கிடந்தது. ஒரு காலையில் அவள் பக்கத்தில் 'தொபுக்'கென்று ஏதோ விழுந்தது. அடுத்து இன்னொன்று. காசளவு ஓட்டோடு இரண்டு குஞ்சுகள், யாரும் சொல்லித் தராமலே நீந்திக்கொண்டிருந்தன. பேச்சி ஆற்றையே கலக்கிவிட்டாள், அவ்வளவு சந்தோஷம்!

அன்று முதல்தான் ஆமைகள் வெயில் காயும் மேட்டு மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் ஆற்றுக்குப் போகின்றன. ஆமை நினைத்தே குஞ்சு பொரிக்கும் என்று நாமும் சொல்லிவருகிறோம்.