காலி வயிற்று மலை

புகைமலைக் காட்டில் ஒரு பெருச்சாளி இருந்தது. அது எங்கே வளை தோண்டினாலும் வளை இடிந்து விழுந்துவிடும். புளியமரத்தடியில் ஒன்று இடிந்தது. ஓடைக்கரையில் ஒன்று இடிந்தது. அதனால் அதற்குப் பொத்தல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். தலை நிறைய மண்ணோடு அது வெளியே வரும்போதெல்லாம் காடே கூடிச் சிரிக்கும்.

புகைமலை ஓர் எரிமலை. ஒரு மார்கழியில் அது படார் என்று வெடித்தது. உச்சிப் பாறை பிய்த்துக்கொண்டு பறந்தது. உள்ளே இருந்த நெருப்புக் குழம்பு பொங்கி, பள்ளத்தாக்கு முழுவதும் வழிந்தது. விலங்குகள் எல்லாம் ஆற்றைத் தாண்டி ஓடிப்போயின.

சில நாளில் மலை அடங்கியது. சாம்பலைத் தட்டிக்கொண்டு எல்லாம் திரும்பி வந்தன. உச்சியில் பாறை பறந்த இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி நல்ல சமதரை. காடே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, அந்தத் தரை மட்டும் இதமாகச் சுட்டது.

மினுக்கன் என்ற நரிதான் முதலில் ஏறியது. ஒரு பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்தது.

"எல்லாரும் வாங்க! இனி இதுதான் நம்ம ஊர்! நான்தான் தலைவர்!"

"மலை மறுபடி வெடிச்சா என்ன பண்றது?" என்று முயல் கேட்டது.

"எதை வெச்சு வெடிக்கும்? வயித்துல இருந்ததையெல்லாம்தான் கக்கிடுச்சே! இனி இது வெறும் கூடு!"

நரிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்! மான்களும் முயல்களும் குரங்குகளும் உச்சியில் குடியேறின. வள்ளச்சி என்ற காட்டுப்பன்றியும் தன் குட்டிகளோடு ஏறியது. அதன் கடைக்குட்டி ஒரு சோனி. குளிரில் சுருண்டு, பால் குடிப்பதையே நிறுத்தியிருந்தது. சூட்டுத் தரையில் படுத்ததும் கண்ணைத் திறந்தது. முட்டி முட்டிப் பால் குடித்தது. வள்ளச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொத்தலும் ஏறி வந்து வளை தோண்ட இடம் பார்த்தது. கொஞ்சம் பறித்ததும் காதைத் தரையில் வைத்தது. அப்புறம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"இங்க இருக்காதீங்க! இந்தத் தரை உள்ளே போகப்போகுது!"

எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

"உன் வளை இடிஞ்சா மலையும் இடியணுமாடா?" என்றது மினுக்கன்.

"போன வருஷம் என் வளை நிறைய நிலக்கடலை வெச்சிருந்தேன். நிறைஞ்சு கிடந்த வரைக்கும் கூரை நின்னுச்சு. கடைசிக் கடலையையும் தின்னேன். கூரை என் தலையில விழுந்துச்சு! இந்த மலையைத் தாங்கினதே உள்ளே இருந்த குழம்புதான். அது வெளியே போயிடுச்சே!"

"திருட்டுக் கடலைக்கும் மலைக்கும் என்னடா சம்பந்தம்!" என்றது குரங்கு. மறுபடி ஒரே சிரிப்பு. வள்ளச்சியும் சேர்ந்துதான் சிரித்தது.

பொத்தல் அதனிடம் மட்டும் மெல்லச் சொன்னது: "அக்கா, கூரை சும்மா விழாது. முதல்ல வட்டமா ஒரு கீறல் விடும். அப்புறம் மண்ணு பொலபொலன்னு உள்ளே இறங்கும். அதை மட்டும் பார்த்துக்கோங்க."

மறுநாள் காலையில் கடைக்குட்டி வீலென்று அலறியது. அதன் கால் ஒரு வெடிப்பில் மாட்டியிருந்தது. வள்ளச்சி காலை விடுவித்துவிட்டு, வெடிப்பின் ஓரமாகவே நடந்தது. அது உச்சியைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஓரத்து மண் பொலபொலவென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

வள்ளச்சி கடைக்குட்டியைத் திரும்பிப் பார்த்தது. இருந்தால் குட்டி குழியில் போகும். இறங்கினால் குளிரில் போகும். பாவம், அது எங்கேதான் போகும்?

"பொத்தலு! உள்ளே இருந்த சூடெல்லாம் இப்ப எங்கடா இருக்கு?"

"பள்ளத்தாக்குலதான் அக்கா. குழம்பு கறுத்து, பாறையா இறுகிக் கிடக்கு. ஓரத்துல நின்னாலே கதகதன்னு இருக்கு."

"இதை நேத்தே சொல்றதுக்கு என்னடா!"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க? சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க!"

வள்ளச்சி குட்டிகளை முன்னால் விரட்டியது. வராத மான்களை மூக்கால் முட்டித் தள்ளியது. முரண்டு பிடித்த குரங்கின் வாலைக் கடித்து இழுத்தது. பன்றிக்குக் கோபம் வந்தால் யார்தான் எதிரே நிற்பார்கள்! எல்லாம் திட்டிக்கொண்டே இறங்கின.

"போங்கடி, போங்கடா கோழைங்களா! ஊரே எனக்குத்தான்!" என்று மினுக்கன் பாறைமேல் நின்று கத்தியது.

அவை பாதி மலை இறங்கியபோது தரை உறுமியது. உச்சி முழுவதும், சமதரையும் குழியும் மினுக்கனின் பாறையுமாக, அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது. வெடித்தபோது விழுந்தது ஒரு சின்னக் குழி. காலியான வயிறு இடிந்தபோது விழுந்ததோ ஓர் ஊரையே விழுங்கும் பள்ளம்! மினுக்கன் நல்ல வேளையாக விளிம்பில் இருந்த ஒரு வேரைக் கவ்விக்கொண்டது. வாலில் பாதியை இழந்து, சாம்பல் பூசிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதன்பிறகு தலைவர் பேச்சையே எடுக்கவில்லை.

பள்ளத்தாக்கின் கதகதப்பில் கடைக்குட்டி தேறியது. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெரும்பள்ளம் நிறைந்து ஏரியானது. இப்போது காடு முழுவதும் அங்கேதான் தண்ணீர் குடிக்கிறது. முன்னாள் சோனி தொந்தியும் தொப்பையுமாக அதன் சேற்றில் புரள்கிறது. வள்ளச்சிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், வேறொன்றும் வேண்டாம்.

பொத்தல் அந்த ஏரிக்கரையிலும் ஒரு வளை தோண்டியது. வழக்கம்போல இடிந்தது. தலை நிறைய மண்ணோடு அது வெளியே வந்தது. எல்லாம் வழக்கம்போலச் சிரித்தன. சிரித்துக்கொண்டே எழுந்து, அந்தக் கரையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டன.

நீதி: பலமுறை இடிபட்டவன் சொல்லும் எச்சரிக்கையை, சிரிப்பதென்றாலும், கேட்டுவிட்டுச் சிரி!