வெள்ளி மண்ணும் கீரியின் கேள்விகளும்

உண்ணித் தொல்லை தாங்காமல் காடே சொறிந்துகொண்டிருந்தது. அப்போது நரி பழைய குழி ஒன்றிலிருந்து மினுமினுக்கும் வெள்ளி மண்ணைக் கொண்டுவந்தான். பூசிய மறுநாளே உண்ணிகள் உதிர்ந்தன. அன்று முதல் அவன் வெறும் நரி இல்லை, வைத்தியர் நரியார்!

ஆனால் அதற்குப் பிறகு பிறந்த மான்குட்டிகள் பல, எழுந்து நிற்காமலே இறந்தன. செவ்வந்தி என்ற புள்ளிமான் இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தாள். "எல்லாம் என் தலைவிதி!" என்று அழுதாள்.

"விதியா? கேட்டுப் பார்த்துடலாம்!" என்றாள் கீரி.

புதர் புதராகப் போனாள். என்ன தின்றீர்கள், எங்கே குடித்தீர்கள், எதைப் பூசினீர்கள் என்று எல்லாரிடமும் ஒரே கேள்விகள். குட்டியை இழந்தவர்களிடம் மட்டுமல்ல, குட்டிகள் துள்ளி விளையாடும் இடங்களிலும் போய்க் கேட்டாள்.

"நல்லா இருக்கிறவங்ககிட்ட என்ன கேள்வி? வேலையத்தவ!" என்று குரங்குகள் சிரித்தன.

முதலில் குளத்துத் தண்ணீர்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். அவள் பேச்சைக் கேட்டு மான்கள் ஒரு வருடம் ஆற்றுக்கு நடந்தன. பலன் இல்லை.

"நான் சொன்னது தப்பு. தண்ணி காரணமில்லே!" என்று பாறைமேல் ஏறி எல்லார் முன்னும் சொன்னாள். அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மறுநாளே மறுபடி கேட்கக் கிளம்பிவிட்டாள்.

ஏழு மழைக்காலம் போயிற்று. கீரியின் முகம் நரைத்தது. செவ்வந்தி இன்னும் இரண்டு குட்டிகளை இழந்தாள். ஆனால் ஒன்று தெளிவானது. வெள்ளி மண் பூசாத மான்களின் குட்டிகள் நன்றாக இருந்தன.

நரி குதித்தான். "என் மண்ணைக் குத்தம் சொல்றியா? காட்டுப்பன்றியும் தினம் பூசுறா. அவ குட்டிங்க கொழுகொழுன்னு இருக்கே! அது எப்படி?"

"தெரியலே" என்றாள் கீரி. பிறகு மூன்று நாள் பன்றியின் பக்கத்திலும் மூன்று நாள் செவ்வந்தியின் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்தாள்.

ஆறாம் நாள் துள்ளி எழுந்தாள். "பன்றியக்கா, நீங்க உடம்பை நக்குவீங்களா?"

"சீச்சீ! அந்தப் பழக்கமே கிடையாது!"

"செவ்வந்தி காலையும் மாலையும் நக்குறா. மண்ணு வயித்துக்குள்ளே போகுது. அவ தாங்கிக்கிறா, உள்ளே இருக்கிற குட்டி தாங்கலே!"

செவ்வந்தி அப்போது மறுபடி சினையான புதிது. "அக்கா, மண்ணை விட்டுட்டா இது பிழைக்குமா?"

"உறுதி சொல்ல முடியாதும்மா. ஆனா இத்தனை வருஷமா நான் கேட்டதெல்லாம் அதைத்தான் சொல்லுது."

செவ்வந்தி நம்பினாள். உண்ணி கடித்துக் காது வீங்கியது. பொறுத்துக்கொண்டாள்.

குட்டி பிறந்தது. எழுந்தது, விழுந்தது, மறுபடி விழுந்தது. பிறகு நான்கு காலில் நின்று பால் குடித்தது. செவ்வந்திக்கு அழுகை நிற்கவே இல்லை. நரியும் வந்து பார்த்தான். நேரே போய் வெள்ளி மண் குழியை மூடினான்.

"ஒரு குட்டி போதாது. மத்த மான்களையும் பார்க்கணும்" என்று கீரி நடையைக் கட்டினாள்.

தீங்கின் வேரைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர், பாதிக்கப்பட்டவர்களை மட்டுமல்ல, நலமாக இருப்பவர்களையும் கேட்க வேண்டும். தான் தவறினால் அதையும் சொல்லிவிட்டு மேலே தேட வேண்டும்.