தறியும் கயிறும்

வெகு காலத்துக்கு முன்னே வெண்குன்ற நாட்டைக் கீர்த்திகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். எதையும் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்கு விளங்கும். ஒரு நாள் அவன் சபைப் பண்டிதர்களிடம், "கடவுள், உயிர், உயிரைக் கட்டும் பாசம் மூன்றும் அனாதி, தொடக்கமே இல்லாதவை என்கிறீர்களே, அந்தத் தத்துவம் முழுவதையும் ஒரே வடிவமாகச் செய்து காட்டுங்கள். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டும்" என்றான்.

ஆஸ்தான பண்டிதர் சம்புநாதர் தங்கத்தில் ஒரு கூம்பு செய்து வந்தார். அடித்தட்டில் பாசம், நடுத்தட்டில் உயிர்கள், உச்சியில் கடவுள். கடவுளுக்கு ஒரு விரற்கடை கீழே ராஜா. கீர்த்திகண்டன் பூரித்துப் போனான்.

அந்தத் தத்துவத்தை ஊருக்குச் சொல்லிவந்த மறைக்காடர் மட்டும், "இது தப்பு. ராஜாவுக்கென்று தனித் தட்டு கிடையாது" என்றார்.

"அரச நிந்தனை" என்றார் சம்புநாதர். மறைக்காடர் சிறைக்குப் போனார். சரியான வடிவத்தை மூன்று நாளில் யாரும் காட்டாவிட்டால் அவர் நாக்கை அறுப்பது என்று தீர்ப்பாயிற்று.

மந்திரி மாதவராயர் மறைக்காடரிடம் படித்தவர். கூம்பு வந்த அன்று அவரும் சபையில்தான் இருந்தார். வாய் திறக்கவில்லை. அந்தக் குறுகுறுப்பில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ராஜாவையும் சபையையும் யானைக் கொட்டாரத்துக்கு அழைத்துப் போனார்.

"பண்டிதரே, உங்கள் கூம்பில் பாசம் எங்கே?"

"அடித்தட்டில்."

"போன மாதம் பட்டத்துக் குதிரை செத்தபோது மகாராஜா மூன்று நாள் சாப்பிடவில்லை. அடித்தட்டில் இருந்த பாசம் உச்சிக்கு எப்படி ஏறியது?"

ராஜாவுக்குக் குதிரை ஞாபகம் வந்துவிட்டது. "மேலே சொல்லும்" என்றான்.

மாதவராயர் யானை கட்டும் தறியில் ஒரே நீளத்தில் இரண்டு கயிறுகளைக் கட்டினார். "தறிதான் கடவுள். கயிறு பாசம். நுனியைப் பிடித்திருப்பவர் உயிர்." ஒரு நுனியை ராஜாவிடமும் மற்றதை யானைப்பாகனிடமும் கொடுத்தார். "கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நடக்க வேண்டும், மகாராஜா."

இருவரும் சுற்றினார்கள். கால்தடம் வட்டமாகப் பதிந்தது.

"தறிக்குக் கிட்ட இருப்பது யார்?" என்றான் ராஜா.

"இருவரும் ஒரே தூரம்."

ராஜாவின் முகம் கறுத்தது. மாதவராயர் உடனே, "இன்னும் சுற்றுங்கள்" என்றார். சுற்றச் சுற்றக் கயிறு தறியில் சுருண்டு குறுகியது. பத்தாவது சுற்றில் ராஜாவின் கை தறியில் முட்டியது. குழந்தை போலச் சிரித்தான்.

"இதுதான் சரி" என்றான். மறைக்காடர் விடுதலையானார். சம்புநாதருக்கு ஒரு வருஷம் கொட்டாரத்தில் கயிறு திரிக்கும் வேலை. மாதவராயர் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

மறுவாரம் ராஜா எல்லோரையும் கோயில் முற்றத்துக்கு அழைத்தான். கல்லில் பெரிய வட்டம் செதுக்கியிருந்தது. நடுவே தறி இருக்க வேண்டிய இடத்தில் கீர்த்திகண்டனின் ஆளுயரச் சிலை, இடுப்பில் நூறு கயிறுகளோடு நின்றது. "அமாவாசைதோறும் குடிகள் சுற்றட்டும். முதல் கயிறு மந்திரிக்கு" என்றான்.

மாதவராயர் தன் ஆசானைப் பார்த்தார். மறைக்காடர் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"உங்கள் நாக்கைக் காப்பாற்றத்தான் ஐயா செய்தேன்."

"தெரியும். ஆனால் நான் கடவுளை ஓரிடத்திலும் நட்டு வைக்கவில்லை, மாதவா. நீ நட்டாய். நடுவில் ஓர் இடம் உண்டு என்று ராஜாவிடம் காட்டினால் அவன் வேறென்ன செய்வான்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வடக்கு வாசல் வழியே நடந்து எல்லையைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவர் பேசியதாகத் தகவல் இல்லை.

அந்த அமாவாசைக்கு முரசு கொட்டியதும் மாதவராயர் முத்துமாலையைச் சரிசெய்துகொண்டு முதல் கயிற்றை எடுத்தார்.