சூ என்றொரு சொல்

கோவைக்கு வெளியே, மதில் கட்டிய குடியிருப்பு ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். கடைசியில் வரும் கேள்விக்கு விடை சொல்ல விரும்புகிறவர்கள், அந்த இரண்டு வீட்டிலும் யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வீட்டில் செண்பகவல்லி. ஓய்வுபெற்ற செவிலி, தனியாள். காலை நடையின்போது ஒருவன் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய பிறகு, கம்பம் ஊரிலிருந்து தம்பி மாயாண்டி ஒரு கோம்பை நாயைக் கொண்டுவந்து விட்டான். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி, சிப்பாய் என்று பெயர். வந்த அன்றே மாயாண்டி மூலையில் கிடந்த சாக்கை நோக்கிக் கையை நீட்டி, "சூ!" என்றான். சாக்கு நார்நாராகியது. "விடு" என்றான். நாய் சாக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்து வாலாட்டியது.

"சொன்னாச் செய்யும். சொல்லாட்டி எறும்பைக்கூட மிதிக்காதுக்கா."

இரண்டாவது வீட்டில் தீபன், மனைவி ஷைலஜா, ஆறு வயது மகள் ஓவியா. ஒஹாயோவிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நாயைப் பார்த்த மறுநாளே தீபன் செண்பகவல்லியின் வாசலில் நின்றான்.

"அக்கா, இது வேட்டைச் சாதி. இந்தச் சாதி நாயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எம்பிள்ளையை எப்படி வெளிய விளையாட விடறது?"

"அவ்வளவு தூரம் போயிட்டு வந்தும் சாதி பாக்கறதை விடலையா தம்பி?"

"சிரிக்காதீங்கக்கா. மனுஷனுக்குப் பாத்தாதான் தப்பு. நாய்க்கு அது ரத்தத்துலயே இருக்கு."

"மனுஷனுக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

ஆனாலும் அவன் முகத்திலிருந்த பயம் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் வாக்குக் கொடுத்தாள். "சொல்லாம அது யார் மேலயாவது பல்லு வெச்சா, நானே கூட்டிட்டுப் போய் ஊசி போட்டு முடிச்சுடறேன். போதுமா?"

தீபனுக்கு ஊசி என்ற சொல் காதில் விழுந்தது. சொல்லாமல் என்ற சொல் விழவில்லை.

ஷைலஜா தன் பங்குக்கு மகளைத் தயார்படுத்தினாள். "நாய் வந்தா ஓடக் கூடாதுடா. அசையாம நிக்கணும். அது எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நீட்டி, சத்தமா ஷூன்னு சொல்லணும்." அவர்கள் இருந்துவந்த ஊரில் அது விரட்டுகிற சொல். ஓவியா காக்கையிடம் சொல்லிப் பார்த்தாள், பறந்தது. பூனையிடம் சொல்லிப் பார்த்தாள், ஓடியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, கூரியர்காரர் செண்பகவல்லியின் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். ஓவியாவின் பந்து உருண்டு உள்ளே போயிற்று. சிப்பாய் அதை வாயில் கவ்விக்கொண்டு, வாலை ஆட்டியபடி, அவளிடம் கொடுக்க வெளியே வந்தது. ஓவியா ஓடவில்லை. அசையாமல் நின்றாள். தெருமுனையை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து காய்கறிப் பையோடு தீபன் வந்துகொண்டிருந்தான்.

"ஷூ!"

நாய் பந்தைப் பத்திரமாகக் கீழே வைத்தது. பிறகு பாய்ந்தது.

செண்பகவல்லி ஓடிவந்து "விடு" என்று கத்தியதும் விட்டுவிட்டது. அதற்குள் தீபனின் வலது கை நரம்புகள் அறுந்திருந்தன. மூன்று விரல்கள் இனி மடங்கா என்றார் மருத்துவர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓவியா கேட்டாள். "ஆன்ட்டி, அம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே கையை நீட்டி ஷூன்னு சொன்னேன். அது ஏன் கேக்கல?"

கேட்டது, "சூ" என்றே கேட்டது என்று செண்பகவல்லிக்கு அப்போதுதான் புரிந்தது.

"அதுக்குக் காது சரியில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு, கால்நடை மருத்துவருக்கு போன் செய்தாள்.

அக்கா நடந்ததைச் சொல்லக் கேட்டு மாயாண்டி வந்து குதித்தான். "சொல்லித்தானக்கா கடிச்சிருக்கு! உன் வாக்குல இது வராதே!"

"அந்தப் பிள்ளைகிட்டப் போய், உங்கப்பன் கையை நீதான் கடிக்க வெச்சேன்னு சொல்லச் சொல்றியாடா?"

அவளால் முடியாததை அவன் செய்தான். தீபனின் கட்டிலருகே போய், நடந்ததைச் சொல்லிவிட்டான். தீபன் கதவைச் சாத்தச் சொன்னான்.

"நாயை உயிரோட விட்டுட்டா, ஏன் விட்டீங்கன்னு எம்பொண்ணு கேப்பா. நாய் போகட்டும். இது ஷைலஜாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

சிப்பாயை "ஏறு" என்றாள் செண்பகவல்லி, ஆட்டோவில் ஏறியது. கால்நடை மருத்துவரின் மேசைமேல் "படு" என்றாள், படுத்தது. அந்த மாதமே குடியிருப்போர் சங்கம் கூடி, கோம்பை முதலான வேட்டைச் சாதி நாய்களைக் குடியிருப்பில் வளர்க்கக் கூடாதென்று தீர்மானம் போட்டது. தீபன் இடது கையால் கையெழுத்திட்டான். வீட்டில் அவனுக்கு இப்போது ஓவியாதான் சோறு ஊட்டுகிறாள்.

தப்பிக்க வழியிருந்தும் வாய் திறக்காமல் நாயைக் கொடுத்தாள் செண்பகவல்லி. உண்மையைச் சொன்னான் மாயாண்டி. கேட்ட உண்மையை மூடிவைத்தான் தீபன். இதில் யார் செய்தது சரி?

விடை: பிள்ளையின் மனதைக் காத்ததால் செண்பகவல்லி என்றும் தீபன் என்றும் பலர் சொல்வார்கள். சரியானதைச் செய்தவன் மாயாண்டிதான்; ஆனால் அவன் சொன்னது அந்தக் கட்டிலோடு நின்றுபோயிற்று. தீர்மானம் நாயின் சாதியைத் தடுத்தது, சொல்லைத் தடுக்கவில்லை. ஓவியாவுக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருளைச் சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அதனால் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டுக்கு இப்போது ஒரு லேப்ரடார் வந்திருக்கிறது. சாதுவான சாதி, சங்கம் அனுமதித்தது. பொழுதுபோகாத காவலாளி காலையில் கேட்டருகே சாக்கைக் காட்டி அதற்கு "சூ" பழக்கிக்கொண்டிருக்கிறார். சற்றுத் தள்ளி, பள்ளி வேனுக்காக ஓவியா நிற்கிறாள். நாய் வந்தால் ஓடக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.