சிங்காரத்துக்கு மட்டும் விலக்கு

மூங்கில்காட்டில் குட்டிப்படை என்று ஒன்று இருந்தது. நீந்தவும், கிழங்கு தோண்டவும், ஆபத்து வந்தால் பதுங்கவும் பெரியவர்கள் சிலர் தாங்களாக வந்து குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் படைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. குட்டிகளை எங்கே கூட்டிப்போனாலும் முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர் போக வேண்டும். முன்னால் போகிறவர் "ஓய்!" என்றால் பின்னால் வருகிறவரும் "ஓய்!" என்பார்.

மரநாய் சிங்காரத்துக்கு மட்டும் அது கிடையாது! ஏனாம்? அவர் தங்கமானவராம்! வெள்ளத்தில் குட்டிகளை முதுகில் சுமந்து வந்தவராம். பழத்தைத் தவிர வேறொன்றும் தொடமாட்டாராம். "அவருக்குப் போய் ஆள் போடுவதா? மரியாதையா அது?" என்று தலைவர் மயிலார் தோகையை விரித்துக் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். கிழங்கு தோண்டச் சொல்லிக்கொடுக்கும் முள்ளம்பன்றி வேலம்மாளும்தான் ஆட்டினாள்.

ஒருநாள் முயல்குட்டி பொன்னி நாவற்பழத்தை மென்றுகொண்டே அவளிடம் ஓடி வந்தது.

"அத்தை! சிங்காரம் மாமா என்னை மட்டும் பாறைக் குகைக்குக் கூட்டிட்டுப் போகப்போறாரு! அம்மாகிட்ட சொல்லக்கூடாதாம்!"

"இந்தப் பழம் யார் குடுத்தா?"

"மாமாதான்! தினமும் குடுப்பாரு. அதுவும் ரகசியம்!"

வேலம்மாள் பொன்னியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ சொன்னது ரொம்ப நல்லது கண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். குட்டியைத் தாய் முயலிடம் கொண்டுபோய் விட்டு, விஷயத்தையும் சொன்னாள். பிறகு நேரே சபைக்கு நடந்தாள்.

அவள் சொன்னதைக் கேட்டுச் சபையே கொதித்தது.

"சிங்காரத்தையா சந்தேகப்படுறே? உனக்கு வெட்கமா இல்ல?" என்றார் மயிலார்.

"அவர் மனசு என்ன பாடுபடும்!" என்றது அணில்.

"படட்டும்!" என்றாள் வேலம்மாள். முள்ளெல்லாம் விறைத்து நின்றன. "அவர் பெரியவர், தாங்கிக்குவார். பொன்னி தாங்குமா? எனக்கும்தான் ஆள் போடுறீங்க, நான் கோவிச்சுக்கிறேனா? குட்டியை எதுக்கு அம்மாகிட்ட மறைக்கச் சொன்னார்? அதைக் கேளுங்க முதல்ல!"

சபையில் இருந்த சிங்காரம் சிரித்தார். "விளையாட்டுக்குச் சொன்னேன் வேலம்மா!"

"சரி. குகையில என்ன சொல்லித்தர இருந்தீங்களோ, அதை எங்களுக்கும் காட்டுங்க. வாங்க, எல்லாரும் போவோம்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. "இவ்வளவு செஞ்ச எனக்கு இந்த அவமானமா? ஆள் போட்டா நான் வரவே மாட்டேன்!" என்று சீறினார். அப்போதுதான் அவருடைய கோரைப்பல்லைச் சபை பார்த்தது.

"ஐயோ, போயிடாதீங்க!" என்று மயிலார் கெஞ்சினார்.

"போகட்டும், விடுங்க!" என்று சொல்லிவிட்டு வேலம்மாள் குகையைப் பார்த்து நடந்தாள். வேண்டாவெறுப்பாக மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

குகைக்குள்ளே சின்னஞ்சிறு இறகுகள் கிடந்தன. போன மாதம் வழிதவறிப் போனதாக எல்லோரும் நம்பிய கௌதாரிக்குஞ்சின் இறகுகள் அவை. திரும்பிப் பார்த்தால் சிங்காரத்தைக் காணோம். அந்தப் பாவி ஆற்றைத் தாண்டி அடுத்த காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

மயிலாரின் தோகை மடங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "வேலம்மா, இது வெளியே தெரிஞ்சா நம்ம படை பேரே கெட்டுடும். நமக்குள்ளேயே இருக்கட்டுமே!"

"அவனும் இதையேதான் பொன்னிகிட்ட சொன்னான்!" என்றாள் வேலம்மாள்.

அந்த இறகுகளின் முன்னால் ஒரு நிமிடம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாறை உச்சியில் ஏறி, அடுத்த காட்டுக்கும் கேட்கும்படி கத்தினாள்: "ஓய்! மரநாய் சிங்காரம் வர்றான்! குட்டிகளைத் தனியா விடாதீங்க!"

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து "ஓய்!" என்று பதில் வந்தது.

குட்டிகளைக் காக்கும் கட்டுப்பாட்டிலிருந்து எப்பேர்ப்பட்ட நல்லவருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். உண்மையான நல்லவர் அதைக் கேட்கவும் மாட்டார்.